பெற்றோரைக் கூட்டி வரவும்

1

வியாழக்கிழமை மதியம் எங்கள் மருத்துவமனையில் கட்டுரை வாசிப்புக் கூட்டம் நடக்கும். மஸ்கட்டில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அதனால் வியாழன் மதியம் பாதிப் பேருக்கு உடம்பு மட்டும்தான் நாற்காலியில் இருக்கும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்து எழுதித் தள்ளுகிறார்களே, அதில் ஏதாவது ஒன்றை ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர்கள் சமோசா தின்றபடி கேட்பார்கள். கூட்டத்தை நடத்துவது நான். சமோசா ஏற்பாடும் நான்தான்.

அன்று நான் எடுத்திருந்த கட்டுரை, வார்டில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கும் மாணவர்களைப் பற்றியது. கட்டுரையைச் சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். அப்படித் திட்டு வாங்கும் பிள்ளை முதலில் கேள்வி கேட்பதை நிறுத்தும், பிறகு பதில் சொல்வதை நிறுத்தும், கடைசியில் வருவதையே நிறுத்திவிடும், நாம் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைப்போம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது மேசைமேல் இருந்த ஃபோன் நடுங்கியது.

சென்னைக்குத் தெற்கே, கேளம்பாக்கம் பக்கத்தில் என் மகள் ஷெரின் மருத்துவம் படிக்கும் கல்லூரியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. உங்கள் மகள் இன்று பொது மருத்துவத் துறையின் வார்டு வகுப்புக்கு வரவில்லை என்றது. சரி, தலைவலியாக இருக்கும் என்று நினைத்து மேலே விரலைத் தள்ளினால், அதேபோல் முந்தின நாளும் ஒன்று வந்திருந்தது. அதற்கு முந்தின நாளும். கட்டுரைகள் வந்து குவியும் ஃபோனில் அவை அடியில் போய்க் கிடந்திருக்கின்றன.

வருவதை நிறுத்திவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை என் பிள்ளைதான் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. சமோசா மிச்சமானதாக மறுநாள் சொன்னார்கள்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கலாசி, எடுபிடி வேலை. செவிலியர் படிப்பு முடித்து, தாம்பரத்துக்கு அருகிலேயே ஒரு செவிலியர் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஷெரின் கைக்குழந்தையாக இருந்தபோது என் கணவர் ராஜனுக்கு மஸ்கட்டில் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் ஸ்டோரில் வேலை கிடைத்தது. நானும் போய், அங்கே மருத்துவமனையில் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தேன். எங்களுக்கு அங்கே குடியுரிமை கிடையாது, கிடைக்கவும் போவதில்லை. குடியிருப்பு அட்டையைப் புதுப்பித்தபடியே ஒரு வாழ்க்கை ஓடிவிட்டது.

செவிலியர் உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். ஆரம்பத்தில் புள்ளிக்காகத்தான் கட்டுரைகளைப் படித்தேன். பிறகு அது ஒரு அரிப்பாகிவிட்டது. தாம்பரத்தில் இருந்தபோது, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவிகளைப் பிரித்து, வண்ணத் தாளில் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டியவள் நான். மஸ்கட்டுக்கு வந்து பார்த்தால், அந்தப் பிரிவினைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, புதிதாக என்ன என்று கேட்டேன். குறையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு என்றார்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். தாம்பரத்துக்காரிக்கு இரண்டு பாராட்டு ஒரே மூச்சில் வருவது லேசான காரியமா? ஒருவழியாக வாய் பழகியபோது, அதிலும் பெரிய பயன் இல்லை, மாணவர்கள் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. காலையில் பல் விளக்கும்போதே அதைப் பற்றி நாலு கட்டுரைகள் ஃபோனில் வந்து நிற்கின்றன.

ஓடிக்கொண்டே இருக்கிறேன். ஓடவில்லை என்றால் என்ன ஆகும் என்று ராஜன் ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் தெரியாததால் வந்த கோபம் அது.

3

அன்று சாயங்காலமே ஷெரினிடம் பேசினேன். காய்ச்சல் என்றாள், பிறகு பேருந்து என்றாள், பிறகு அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது.

வார்டில் ஒரு பெரியவரிடம் நோய் விவரம் கேட்கும் முறை இவளுடையது. அவர் தன் பாட்டில் சொன்னாராம். ராவெல்லாம் தூக்கம் இல்லை, மாரு பேஜாரா கீது, படுத்தா மூச்சு இஸ்துகினு கீது என்று. நெஞ்சு சங்கடமும் மூச்சிழுப்பும்தான் விஷயம், ஆனால் ஷெரினுக்குப் பாதி பிடிபடவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று அவள் கேட்கக் கேட்க, அவர் குரலை உயர்த்தினாரே தவிர வார்த்தையை மாற்றவில்லை. கடைசியில் உதவிப் பேராசிரியரைப் பார்த்து, இந்தப் பொண்ணு எந்த ஊரு சார் என்று கேட்டிருக்கிறார். கூட நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். உதவிப் பேராசிரியர் அதோடு விடவில்லை. பேஷன்ட் பேசுவது புரியாதவங்களுக்கு எதுக்கு வெள்ளைக் கோட்டு என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் ஃபாரின் என்று பெயர். அன்றிலிருந்து அவள் வார்டுப் பக்கமே போகவில்லை.

 அந்த உதவிப் பேராசிரியர் மேல் எனக்குக் கோபம் ஒருபுறம், என் மேலேயே கோபம் மறுபுறம். மஸ்கட் வீட்டில் நாங்கள் சுத்தமான தமிழ்தான் பேசுவோம். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் நெல்லைக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் அதிகம். நான் வாயைத் திறந்தாலே மெட்ராஸ் வந்துவிட்டது என்று கிண்டல் செய்வார்கள். செவிலியர் விடுதியிலேயே பாதியைத் தேய்த்துக் கழுவியிருந்தேன். மிச்சத்தை அங்கே கழுவினேன். பிள்ளை காதில் ஒரு ‘கீது’ விழாமல் வளர்த்ததில் எனக்குப் பெருமை வேறு. அந்தப் பிள்ளையைத்தான், நம் ஊரிலேயே படிக்கட்டும் என்று, தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் கொண்டுபோய் விட்டேன்.

பதற்றத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? கட்டுரைகளை அனுப்பினேன். அவமானப்படுத்திக் கற்பிப்பது பற்றி, நோயாளியின் மொழி தெரியாத மாணவர்கள் பற்றி, ‘நானும் இங்கே சேர்ந்தவள்தான்’ என்ற உணர்வு பற்றி. முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசி, ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அடுத்ததில் மருந்து இருக்கும், அதற்கடுத்ததில் இருக்கும் என்று கை அனுப்பிக்கொண்டே இருந்தது.

4

இரண்டு வாரத்தில் கல்லூரியிலிருந்து கடிதம். வருகைப் பதிவு குறைவு, தேர்வு எழுத அனுமதிப்பது பற்றித் துறைத் தலைவர் முடிவு செய்வார், பெற்றோரைக் கூட்டி வரவும். சேலையூரில் இருக்கும் என் தம்பி அந்தோணி போய்ப் பார்த்தான். மாமா எல்லாம் செல்லாது, அப்பா அல்லது அம்மா நேரில் வரவேண்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவசர விடுப்பு கேட்டு என் மேலாளரிடம் போனேன். ஓமானியப் பெண்மணி, நல்ல மனசு. மகளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, கல்லூரியில் பெற்றோர் வரவேண்டும் என்கிறார்கள் என்றேன். மகளுக்கு என்ன வயது என்றார். இருபத்தொன்று. என்ன படிக்கிறாள்? மருத்துவம். அவர் விடுப்புத் தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் மாதாமாதம் அவருக்கு, மாணவர்களை வளர்ந்தவர்களாக நடத்தவேண்டும் என்று வகுப்பு எடுப்பவள். என்ன விளக்குவது? எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விமானத்திலேயே தயாராகிவிட்டேன். அழுவது, கெஞ்சுவது கிடையாது. சக ஆசிரியையாகப் பேசவேண்டும். அதற்குத் தோதான கட்டுரைகளை அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பேராசிரியர் ஒரு நல்ல வாசகராக இருந்தால் போதும், இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தீர்வுக்கு வந்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினேன். அந்தோணிக்கு அந்த ஃபைலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சாமி படம் எடுத்துக்கினு போனாலாவது பயப்படுவாரு, அக்கா என்றான்.

5

துறைத் தலைவர் அறைக்கு வெளியே நீள பெஞ்சு. அதில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் சாய்ந்தபடி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். சிலருக்கு மீசை தாடி எல்லாம் இருந்தது. ஷெரின் கடைசியில் நின்றாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். தேர்வு எழுத விடாவிட்டால் படிப்பையே விட்டுவிடுவேன் என்று காலையில் ஃபோனில் சொல்லியிருந்தாள். அவள் அதிகம் பேசாத பெண், சொன்னால் செய்வாள். அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்தவர் குன்றத்தூர்க்காரர், பெயர் ஏழுமலை என்று அவரே சொன்னார். வெள்ளை வேட்டி, மோதிரம். நிலம் இருந்த இடத்தில் இப்போது கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாராம். மகனுக்காக இந்த பெஞ்சில் உட்காருவது அவருக்குப் புதிதில்லை. என் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தார்.

“மொத தபாவாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். “அதெல்லாம் உள்ள வச்சுடுங்க. பூந்தவொடனே புள்ளய நீங்களே நாலு வாங்கு வாங்கிடணும். நீங்க கம்முனு நின்னா அவுரு ஆரம்பிச்சுடுவாரு. நீங்க ஆரம்பிச்சிங்கன்னா அவுரு நிறுத்திடுவாரு.”

அவர் முறை வந்தது. கதவு சரியாக மூடவில்லை, எல்லாம் கேட்டது. மகனை அவர் வாங்கிய வாங்கில் நடைபாதையே அமைதியானது. சிறிது நேரத்தில், விடுங்க ஐயா, வயசுப் பையன், திருந்திடுவான் என்று துறைத் தலைவரின் குரல் கேட்டது. வெளியே வந்த ஏழுமலை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, மகன் தோளில் கைபோட்டு, டீ குட்சியாடா என்று கேட்டபடி போனார். அந்தப் பையனும் ஒன்றும் நடக்காததுபோல நடந்து போனான்.

நான் ஷெரினோடு உள்ளே போய் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். நானும் ஆசிரியைதான் என்றேன். ஃபைலைப் பிரித்தேன். துறைத் தலைவர் மரியாதையாகவே கேட்டார். ஒரு தாளை வாங்கி, தலைப்பைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, இதே விஷயத்தை வைத்துத்தான் போன மாதம் எங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேன் மேடம் என்றார். மாணவர்களை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது, எனக்கும் தெரியும், உதவிப் பேராசிரியரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன் என்றார். அவர் மேசையிலும் ஒரு கட்டு இருந்தது. அதிலும் மஞ்சள் பூசியிருந்தது.  எதிராளி படிக்காதவராக இருப்பார் என்று நினைத்து வந்த என் ஆயுதம் அத்தனையும் அவரிடமே இருந்தது.

“ஆனா பொண்ணு வார்டுக்கே வரலையே மேடம்,” என்றார். “பேஷன்ட்டைப் பார்க்காம டாக்டர் ஆக்க எந்தப் பேப்பர்ல வழி இருக்கு? அடுத்த பேட்ச்சோட எழுதட்டும்.”

பேனாவை எடுத்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் ஷெரின் தலையைக் குனிந்தபடி நின்றாள். பேனா தாளைத் தொடுவதற்குள் நான் அவள் பக்கம் திரும்பிவிட்டேன்.

“இன்னாடி நெனச்சுகினு கீற? இங்கயும் அங்கயும் அல்லாடிகினு ரெண்டு பேர் உனுக்காவ சாவுறோம், நீ ரூம்ல போத்திகினு பட்த்துகினு கீறியா? ஒருத்தரு ஒரு வார்த்த சொன்னா சுருண்டுக்குவியா? ஊர்ல ஜனம் பேசறது பிரியாத உனுக்கெல்லாம் எதுக்குடி வெள்ளக் கோட்டு?”

கடைசி வரி வாயைவிட்டுப் போனபிறகுதான் அது யாருடைய வரி என்று எனக்கு உறைத்தது. ஷெரின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். துறைத் தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“விடுங்கம்மா,” என்றார். “சின்னப் பொண்ணு. இவ்வளவு பேசாதீங்க.”

மேடம் போய் அம்மா வந்திருந்தது. விடுமுறையில் வார்டுக்கு வந்து விட்ட நாட்களை ஈடுகட்டினால், தேர்வு எழுதவிடுவதாகச் சொன்னார். ஷெரின், சாரி சார், தேங்க்யூ சார் என்றாள். அறைக்குள் நின்ற எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்து முடித்திருந்தோம். 

6

மறுநாள் ஞாயிறு என்பதால் ஷெரினும் என்னோடு சேலையூருக்குக் கிளம்பினாள். கேளம்பாக்கத்தில் தாம்பரம் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏழுமலை மகனைப்போல இவள் அப்பா அம்மாவிடம் திட்டு வாங்கிப் பழகியவள் இல்லை. அவனுக்கு அது விளையாட்டு என்று தெரியும். இவளை நான் வளர்த்ததே குரலை உயர்த்தாமல், காரணம் சொல்லி, காது கொடுத்து. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட முறை. ஒரு வருடம் மிச்சமானது, சரி. இவளை இழந்துவிட்டேனோ என்ற பயத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிஸ்கட் வேண்டுமா என்றேன். அதற்கும் ஜன்னலைத்தான் பார்த்தாள்.

மாம்பாக்கம் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே பேசினாள்.

“அம்மா, நீ அனுப்புன பேப்பர் எல்லாம் படிச்சேன். திட்டு வாங்குறவங்களுக்கு என்ன ஆகும்னு எல்லாத்துலயும் போட்டிருக்கு. திட்டுறவங்களுக்கு என்ன ஆகும்னு யாராவது எழுதியிருக்காங்களா?”

படித்திருக்கிறாள். ஒன்று விடாமல் படித்திருக்கிறாள். கட்டைவிரல் படத்துக்குப் பின்னால் அவள் தனியாக உட்கார்ந்து அந்த மஞ்சள் வரிகளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பார்த்த வரைக்கும் இல்லை என்றேன். பிறகு, மன்னிச்சுடு என்றேன். அந்த உதவிப் பேராசிரியர் சொன்ன அதே வார்த்தையை நானும் சொல்லிவிட்டேன், அது நடிப்பு என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன் என்றேன். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஷெரின் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக ஆதங்கம் இருந்தது.

“வலிச்சுது,” என்றாள். “ஆனா நீ பேசினது எனக்கு முக்கால்வாசி புரிஞ்சுதும்மா. வார்டுல எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. அந்தத் தாத்தாவும் அப்படித்தான் பேசினார். உனக்கு அது இவ்வளவு நல்லா வருது. ஏம்மா இத்தனை வருஷம் எனக்கு அதைக் குடுக்கல?”

எத்தனையோ கருத்தரங்கில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவள் நான். நல்ல கேள்வி என்று சொல்லி நேரம் கடத்தவும் தெரியும்.  வெட்கமாக இருந்தது என்று மட்டும் அன்று சொன்னேன். எதுக்கு வெட்கம் என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

பஸ் கண்டிகையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. திங்கட்கிழமை காலை வார்டுக்குப் போகவேண்டும், அதே தாத்தா இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறாராம் என்றாள் ஷெரின். அவரிடம் முதலில் எப்படிப் பேச்செடுப்பது என்று கேட்டாள்.

“மொதல்ல, ‘இன்னா நைனா, இப்ப எப்டி கீது’ன்னு கேளு,” என்றேன்.

அவள் சொல்லிப் பார்த்தாள். மகா மோசமாக வந்தது. முன் இருக்கைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தப்பு, திரும்பச் சொல்லு என்றேன். முன்னால் ஒரு பாராட்டு, பின்னால் ஒரு பாராட்டு, எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவள் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, திரும்பச் சொன்னாள்.